தலைகீழாக நின்றவள்

அத்தியாயம் ஆறு

முதலில் பாதங்கள் வந்தன.

கம்ப்யூட்டர் திரையின் அடிவிளிம்பிலிருந்து, குளத்துத் தண்ணீருக்குள், இரண்டு வெறுங்கால்கள் மெல்ல மேலேறின. பிறகு அரக்குச் சேலையின் கரை. பிறகு இடுப்பு, மேல்நோக்கித் தொங்கிய ஒரு மஞ்சள் பை. எல்லாமே தலைகீழாக. கழுத்தில் மாட்டிய கயிறு போல ஏதோ ஒன்று வந்தது. கடைசியாக, எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு பெண்ணின் முகம். அது திரையின் நடுவுக்கு வந்ததும் படம் சட்டென்று நின்றது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சவுரியப்பனுக்கு முதுகு நனைந்துவிட்டது.

"பேய்க்குக் கால் இருக்காதுன்னு சொல்லுவாங்க மேடம். இது என்னடான்னா கால முன்னாடி அனுப்பி எடம் புடிக்குது" என்றான். சிரிப்பு வருமென்று நினைத்துத்தான் சொன்னான். அவனுக்கே வரவில்லை.

"மறுபடி போடுங்க" என்றாள் வஹிதா.

தர்மபுரியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் வஹிதாவுக்கு சவுரியப்பன்தான் டிரைவர், உதவியாள், சுமைதூக்கி எல்லாம். கொலை, களவு எதற்கும் அவன் அஞ்சியதில்லை. செத்தவர்கள் விஷயத்தில் மட்டும் அவனுக்கு வாய் அதிகமாகும். பயம் வெளியே தெரியாமலிருக்க அவனறிந்த ஒரே வழி அது.

இந்த விஷயத்தில் செத்தவளுக்குப் பெயர் பானுமதி. மூன்று வருஷத்துக்கு முன் ஒகேனக்கல்லில் ஆற்றோடு போனாள். உடல் கிடைக்கவில்லை. கரையில் கிடந்த செருப்பை வைத்துக் காரியம் செய்தார்கள். அவள் புருஷன் மாதவராஜ், மொரப்பூரில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர். இப்போது பானுமதியின் தங்கை சோபனாவையே அவருக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள பழைய கல்குளத்தில் நடந்தது. ஸ்டுடியோவில் வீடியோவைப் பார்த்த சோபனா, "அக்கா!" என்று அலறி மயங்கி விழுந்தவள், அதன்பின் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம்.

வஹிதாவை அமர்த்தியது மாதவராஜ். முந்தினநாள் அலுவலகத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு அவர் சொன்னது சவுரியப்பனின் காதிலேயே இருந்தது. "அன்னைக்கு நான் மீன் வாங்கப் போயிருந்தேங்க. வந்து பாத்தா செருப்பு மட்டும் கெடக்குது. இப்ப யாரோ அவள மாதிரி வேஷம் போட்டுக் கல்யாணத்தக் கெடுக்கப் பாக்கறாங்க. குளத்தாண்ட நான் ஒண்ணையும் பாக்கலீங்க, வீடியோவுலதான் பாத்தேன். யாருன்னு கண்டுபுடிச்சு எனக்கு மட்டும் சொல்லுங்க. பொண்ணு வூட்டுக்குத் தெரிய வேணாம்."

பாவம், மனுஷன் ஆடிப்போயிருக்கிறார் என்று சவுரியப்பனே தன் நம்பரைக் கொடுத்து, அப்போதைக்கப்போது தகவல் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி ஸ்டுடியோக்காரர் சென்னப்பன் மறுபடி வீடியோவை ஓடவிட்டார். எதிர்க்கரைப் படியில் சோபனா கேமராவைப் பார்த்து நிற்கிறாள். ஒரு படி கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு மாதவராஜ். பிறகு அந்தப் பயங்கரம்.

"நீங்க எங்க இருந்தீங்க சென்னப்பன்?"

"ட்ரோன் பேட்டரி எடுக்க வேன்கிட்ட போனேங்க. கேமரா பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. வந்து கேமராவ மட்டும் பாத்து நிறுத்தினேன், அவ்ளோதான்."

"சவுரி, பொம்பளையப் பாக்காத. பொண்ணு மாப்பிள்ளையப் பாரு. எங்க போறாங்க?"

சவுரியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். ஜோடி நின்ற இடத்தில் நிற்கவில்லை. அசையாமலேயே மேலே மேலே நகர்ந்து, திரையின் மேல்விளிம்பில் தலை வெட்டுப்பட்டு, இடுப்பு வெட்டுப்பட்டு, காணாமல் போனார்கள். அவர்கள் பின்னாலேயே படிக்கட்டும் போயிற்று.

"குளமே மேல போகுதுங்க!"

"அப்ப படிக்கட்டுக்கும் பேய் புடிச்சிருக்கணும்" என்றாள் வஹிதா, எழுந்தபடி. "அன்னைக்கு எப்படி மாட்டுனீங்களோ அப்படியே மாட்டுங்க."

சென்னப்பன் மூலையிலிருந்த ட்ரைபாடைக் கொண்டுவந்து கேமராவை மாட்டினார். கேமராவின் முன்னால் பீரங்கிபோல நீண்டது, தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ். வஹிதா கால்களைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"கால் நல்ல கால். கேமராவப் புடிக்கற இந்த ஹெட்டு ஏது?"

"பழசு உடைஞ்சு போச்சுங்க. சின்ன கேமராவுக்கு வாங்குன உருண்டை ஹெட் ஒண்ணு சும்மா கெடந்துச்சு..."

"யானைக்கால் மேல எலித்தலை. கேமரா, லென்ஸ் ரெண்டையும் சேத்து என்ன எடையோ, அதப்போல ரெண்டு பங்கு தாங்கற ஹெட்டா பாத்து வாங்கணும். அதுவும் லென்ஸுக்கு அடியில மாட்டறதுக்குன்னே தனியா ஒரு கால் வச்சிருக்கான், அதுல மாட்டாம கேமராவுல மாட்டுனா முன்பாரம் தாங்குமா?"

திருகை இறுக்கி, சுவரிலிருந்த காலண்டர் கேமராத் திரையின் நடுவில் தெரியும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். மூவரும் தள்ளி நின்றார்கள். யாரும் தொடவில்லை. சிறிதுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில், மூச்சுவிடுவது போல அத்தனை மெதுவாக, காலண்டர் மேலே ஏறத் தொடங்கியது. சவுரியப்பனின் கை கழுத்திலிருந்த சிலுவைக்குப் போயிற்று.

"பேய் இல்ல சவுரி. கேமரா தூங்கி விழுது. மூக்கு கீழ சாயச்சாய, படத்துல எல்லாம் மேல ஏறும். கீழ இருந்த தண்ணி உள்ள வரும்."

"தண்ணிக்குள்ள இருந்த பொம்பள?"

"தண்ணிக்குள்ள யாருமில்ல. தண்ணி அன்னைக்குக் கண்ணாடி மாதிரி கெடந்திருக்கு. மாப்பிள்ளை பொண்ணுக்கு மேல, கரைமேட்டுல ஒருத்தி நின்னிருக்கா. மேல நின்னவ கீழ தெரிஞ்சிருக்கா, தலைகீழா."

ஆறுதலாக இருக்கவேண்டிய பேச்சு. ஆனால் சவுரியப்பனின் கை சிலுவையை விடவில்லை. பேயென்றால் ஊரில் மந்திரிக்க ஆளுண்டு. செத்தவளின் முகத்தோடு ஒருத்தி உயிருடன் வந்து நின்றாளென்றால் அதற்கு யாரிடம் போவது?

வஹிதா அந்தக் கடைசிக் காட்சியைச் செல்போனில் படமெடுத்து, போனைத் தலைகீழாகத் திருப்பி, ஸ்டுடியோவின் மேக்கப் கண்ணாடி முன் பிடித்தாள். கண்ணாடிக்குள் அந்தப் பெண் நேராக நின்றாள். மஞ்சள் பையின் எழுத்துகளும் நேராகத் தெரிந்தன. சவுரியப்பன் எழுத்துக்கூட்டினான்.

"அலீனா... டெய்லர்ஸ்... பொம்மிடி."

"கழுத்துல இருக்கறது கயிறு இல்ல, பாரு. கயிறு இப்படித் தட்டையா இருக்காது. டேப். அளவெடுக்கற டேப். பை வச்சிருந்தா வாடிக்கைக்காரியா இருக்கலாம். டேப்ப கழட்ட மறந்து வந்தவ அங்க வேல செய்யறவ."

"தூக்குக்கயிறுன்னு நெனச்சேன். ஜாக்கெட்டுக்கு அளவா!" என்று சவுரியப்பன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். வண்டியை எடுக்கும்முன் மாதவராஜுக்கு ஒரு தகவலும் தட்டினான். 'ஆள் கிடைச்ச மாதிரிதான் சார். பொம்மிடி அலீனா டெய்லர்ஸ். குளத்தை ஒரு பார்வை பாத்துட்டு அங்கதான் போறோம்.'

*

உச்சிவெயிலில் குளம் செத்துக் கிடந்தது. இலைகூட அசையவில்லை. நான்கு பக்கமும் படி. எதிர்க்கரையில் படிகளுக்கு மேல் இடுப்புயரக் கல்சுவர். அதற்குப் பின்னால் புளியமரமும், அதற்கும் பின்னால் மலையும். ஒரு மைனா கத்திவிட்டு, தப்புச் செய்துவிட்டது போல நிறுத்திக்கொண்டது.

வஹிதா தன் ட்ரைபாடை இறக்கச் சொன்னாள். தொலைவிலிருந்து ஆட்களை வேவு பார்த்துப் படமெடுப்பது அவள் பிழைப்பு. லென்ஸ் ஒரு நூல் ஆடினால் முகம் கலங்கி, சாட்சி போய்விடும். அதனால் கால் மூன்றும் கனமான உலோகத்தில், தலையும் அதற்கேற்ற முரட்டுத் தலையாக வாங்கிவைத்திருந்தாள்.

"பொணத்துக்காவது நாலு பேர் தோள் குடுப்பாங்க" என்று முனகிக்கொண்டே சவுரியப்பன் அதை நட்டான்.

"சரிவு தண்ணிப்பக்கம். ஒரு கால அந்தப்பக்கம் நீட்டி வை. மத்த ரெண்டையும் குறை. ரசமட்டத்துல குமிழி நடுவுல நிக்கணும். நின்னுதா? இப்ப நீ எதிர்க்கரைக்குப் போய் அவ நின்ன எடத்துல நில்லு."

"நானா?"

"பின்ன, நானா?"

சுற்றிப்போய்ச் சுவரருகே நின்றான். வஹிதா போனில் வழிசொன்னாள்: வலப்பக்கம் போ, இன்னும் கொஞ்சம், சுவரில் ஏறு. ஏறினான். கீழே தண்ணீரில் அவனே தலைகீழாக நின்றான். தன் முகத்தையே அவனால் நெடுநேரம் பார்க்கமுடியவில்லை. இந்தக் கல்லில்தான் அவள் வெறுங்காலோடு நின்றாள். இந்தச் சூட்டில். யாரைப் பார்க்க?

அவன் படிகளைப் பார்த்தான். சோபனா கேமராவைப் பார்த்து நின்றாள். இங்கிருந்து அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். மாதவராஜ் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார், அப்படியானால்...

அவன் போனை வாயருகே இழுத்தான்.

"மேடம். இங்க நின்னா மாப்பிள்ள மூஞ்சி நேருக்கு நேராத் தெரியும்."

மறுமுனையில் வஹிதாவின் குரல் மெதுவாக வந்தது. "எனக்கும் அதே சந்தேகந்தான். வீடியோவுல அவர் நிழலும் தண்ணியில விழுந்திருக்கு. கழுத்து மேல பாத்துத் திரும்பியிருக்கு. கேமரா நிக்கற வரைக்கும் இறக்கவேயில்ல. நல்லாப் பாத்திருக்காரு. பாக்கலன்னு நம்மகிட்டப் பொய் சொல்லியிருக்காரு."

"எதுக்குங்க?"

"பேய்னு நெனச்சிருந்தா அங்கயே கத்தியிருப்பாரு. வேஷம்னு நெனச்சிருந்தா ஓடிப்போய்ப் புடிச்சிருப்பாரு. ரெண்டும் செய்யல. ஆள் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, சவுரி. எங்க இருக்கான்னுதான் தெரியல. அதுக்குத்தான் நம்மள அமர்த்தியிருக்காரு."

சவுரியப்பன் செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். தான் அனுப்பிய தகவலுக்குப் பக்கத்தில் இரண்டு நீல டிக்குகள். பதில் எதுவுமில்லை.

அவன் சுவரிலிருந்து குதித்ததில் முழங்கால் தேய்ந்தது. அது அவனுக்குத் தெரியவேயில்லை.

*

பொம்மிடி ரயில்நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்தது கடை. வாசலில் மாதவராஜின் காரைக் காணோம் என்றதும் சவுரியப்பன் அடக்கிவைத்த மூச்சை விட்டான். வழியில் வஹிதா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பேசியிருந்தாள்.

உள்ளே கல்யாண ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. கடைக்காரி அலீனா பானுமதி என்ற பெயரைக் கேட்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க. தப்பான எடத்துக்கு வந்துட்டீங்க."

திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"இருக்கட்டும் அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். கழுத்தில் டேப். நெற்றியோரத்திலிருந்து தலைமுடிக்குள் ஓடிய ஒரு தழும்பு. சவுரியப்பன் தன்னையறியாமல் அவள் கால்களைத்தான் பார்த்தான். ரப்பர் செருப்பு போட்டிருந்தாள்.

"தேடுறது நான்தாங்க" என்றாள் பானுமதி.

நடந்ததை அவள் அழாமல் சொன்னாள். அடி தாங்காமல் மூன்று தடவை அப்பன் வீட்டுக்கு ஓடினாள். மூன்று தடவையும் அப்பா கோவிந்தனே கூட்டிப்போய்ப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்தார். நான்காம் தடவை மாதவராஜே ஆசையாக ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனார். பாறைமேல் நின்று தண்ணீரைக் காட்டினார். முதுகில் கை விழுந்தது. வெகுதூரம் தள்ளி ஒரு பரிசல்காரர் அவளை இழுத்துப்போட்டார்.

"கண்ணு முழிச்சதும் மொதல்ல தோணுனது என்னன்னா, வூட்டுக்குப் போனா மறுபடியும் கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு. செத்துப்போனா கொண்டுபோய் விட முடியாதில்லீங்களா? அப்படியே செத்துட்டேன். இந்த அக்காதான் எடம் குடுத்தாங்க."

"குளத்துக்கு ஏம்மா போனீங்க?" என்று கேட்டாள் வஹிதா.

"தைக்கறதுக்குன்னு ஒரு அளவு ஜாக்கெட் வந்துச்சுங்க. கையில வாங்குனதுமே தெரிஞ்சு போச்சு, என் தங்கச்சிக்கு நான் தைச்சுக் குடுத்தது. மாப்பிள்ளை யாருன்னு அக்காவ விட்டுக் கேட்டேன். பேரைச் சொன்னாங்க." அவள் டேப்பைக் கையில் சுற்றினாள். "குளத்துல போட்டோ எடுக்கறாங்க, அவசரம்னாங்க. போட்டது போட்டபடி பஸ் ஏறி ஓடுனேன். செருப்பு வழியில அறுந்துபோச்சு. அவளக் கூப்புடணும்னுதான் சுவத்துல ஏறுனேன். அந்தாளு நிமிந்து பாத்தான். குரல் வரலீங்க. ஓடிட்டேன்."

சவுரியப்பனுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. "அம்மா, நான்தான்... இந்த அட்ரஸ அவருக்கு நான் அனுப்பிட்டேன். வந்துட்டிருப்பாரு."

அலீனா வாயைப் பொத்திக்கொண்டாள். வஹிதா பின்கதவைப் பார்த்தாள். "பானுமதி, வண்டி இருக்கு. இப்பக் கெளம்புனா போயிடலாம். உங்க இஷ்டம்."

பானுமதி வெகுநேரம் யோசிக்கவில்லை. "நான் போயிட்டா சோபனா கழுத்துல தாலி ஏறிடும். இன்னொரு தடவ என்னால சாக முடியாதுங்க."

"அப்ப சவுரி, ட்ரைபாட எடு."

தொங்கும் ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால், இரண்டு தையல் மெஷின்களின் இடுக்கில் அதை நிறுத்தினார்கள். "கால் மூணையும் அகல விரி. நடுக்கம்பிய ஏத்தாத, ஏத்துனா ஆடும். எடை போதாது, அந்த இஸ்திரிப் பெட்டிய அடிக்கொக்கியில கட்டு." கேமரா, ஜாக்கெட்டுகளின் இடைவெளியில் வாசலைப் பார்த்துக் கண் திறந்தது.

கார்க்கதவு சாத்தும் சத்தம் சந்தில் கேட்டது.

மாதவராஜ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வெள்ளைச்சட்டை, நெற்றியில் சந்தனம். "கெடச்சுதாங்களா? ரொம்ப சந்தோஷம். நீங்க கெளம்புங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன். எங்க அந்த..."

திரை விலகியது.

அவர் கண்கள் பானுமதியின் நெற்றித் தழும்பில் போய் நின்றன. சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கிடக்க, நிறம் மட்டும் வடிந்தது. அத்தனை நாளும் அவரைத் தூங்கவிடாத கேள்வி வாயை மீறிவிட்டது.

"எப்படி... எப்படிடீ வந்த? பாறையில உன் தல மோதுனத நான் கண்ணால பாத்தேனே!"

தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி கடகடத்துப் போய் முடியும்வரை அந்த வார்த்தைகள் அங்கேயே நின்றன.

"மீன் வாங்கப் போயிருந்ததா சொன்னீங்களே?" என்றாள் வஹிதா.

அப்போதுதான் அவர் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பாய்ந்து ட்ரைபாடை இரண்டு கையாலும் தள்ளினார். அது அசையவில்லை. உதைத்தார். விரித்த காலில் அவர் காலே சிக்கி, துணிக்குவியலில் குப்புற விழுந்தார். சவுரியப்பன் யோசிக்கவேயில்லை, அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டான். போலீஸ் ஜீப் வரும்வரை இறங்கவில்லை.

*

சாயங்காலம் பொம்மிடி போலீஸ் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் பானுமதி உட்கார்ந்திருந்தாள். ஒரு காரில் கோவிந்தனும் சோபனாவும் வந்து இறங்கினார்கள். வஹிதா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். இருந்தும் மகளைக் கண்ணால் கண்டதும் கோவிந்தன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு" என்றார் கடைசியில். "எந்திரி. வூட்டுக்குப் போலாம் வா."

பானுமதி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. அதைத்தான் சவுரியப்பனால் தாங்கமுடியவில்லை.

"வூட்டுக்குத்தாங்கப்பா மூணு தடவ வந்தேன்" என்றாள். "எனக்கு இங்க வேல இருக்குது. பாக்கணும்னா நீங்க வந்து பாருங்க."

சோபனா இன்னும் படியிலேயே நின்றிருந்தாள். அக்காவை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். பக்கத்தில் போகப் பயமாக இருந்தது போலும். பிறகு மெதுவாக அப்பாவைத் தாண்டி வந்து, பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். தோளோடு தோள் இடித்ததும் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

"நானும் இங்கயே இருக்கறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

கோவிந்தன் இரண்டு மகள்களையும் மாறிமாறிப் பார்த்தார். கார் டிரைவர் ஹாரன் அடித்தான். சவுரியப்பனிடம் எப்போதும்போல ஏதோ ஒரு சொல் நாக்குநுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர் ஏறுவதற்காகக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவர் மட்டும் ஏறினார்.